எனக்கே திறக்காத பூட்டு

“உங்க வீட்டுக்குப் பூட்டு எதுக்கு தம்பி? நீங்கதான் எதையும் திறந்துடுவீங்களே!”

கல்யாண வீடோ கருமாதி வீடோ, என் பொழுதுபோக்கைக் கேள்விப்பட்ட உறவினர் ஒருவராவது இப்படிக் கேட்டுவிடுவார். சாவி இல்லாமல் பூட்டுத் திறப்பதுதான் அந்தப் பொழுதுபோக்கு. சிலர் விடுமுறையில் மீன் பிடிக்கப் போகிறார்கள், சிலர் சைக்கிள் ஓட்டுகிறார்கள். நான் இரவுச் சாப்பாடு முடிந்ததும் மேசையில் ஒரு பூட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். குறுக்கெழுத்துப் போட்டியில் மூழ்குகிறவருக்குக் கிடைக்கும் சுகம்தான் எனக்கும்.

கேலி முடிந்ததும் அடுத்த கேள்வி வரும். “உண்மையைச் சொல்லுங்க, திறக்கவே முடியாத பூட்டு எது? அதையே வாங்கி மாட்டிடுறோம்.”

முன்பெல்லாம் உற்சாகமாகப் பட்டியல் போடுவேன். சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு என் பதில் மாறிவிட்டது. அந்தப் பழைய பதிலையும் சொல்கிறேன், புதிய பதிலையும் சொல்கிறேன்.

தாத்தாவின் பெட்டி

எல்லாம் ஓர் இரும்புப் பெட்டியில் தொடங்கியது. என் தாத்தா திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்து, தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அவர் கொண்டுவந்த பெட்டி லயத்து வீட்டிலிருந்து கிள்ளானில் நாங்கள் வாங்கிய தாமான் வீடு வரை கூடவே வந்தது. அதில் தொங்கியது ஊர்ப் பூட்டு. திண்டுக்கல் பூட்டு என்றால் இந்தியாவில் தனிப் பெயர் உண்டு. 2019ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அதே ஆண்டில் அப்பா தவறிவிட்டார். பெட்டிச் சாவி எங்கே என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். வெட்டி எடுத்துவிடலாம் என்றேன். “உங்க தாத்தா பூட்டுடா அது. வெட்டக் கூடாது” என்று அம்மா சொல்லிவிட்டார்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வீட்டில் அடைந்து கிடந்த அந்த நாள்களில் பயிற்சிப் பூட்டுகளையும் சில கம்பிகளையும் தபாலில் வரவழைத்துப் பழகத் தொடங்கினேன். தாத்தாவின் பூட்டு திறக்க எட்டு மாதங்கள் ஆயின. உள்ளே ஒரு கம்பளி, தோட்டத்துச் சம்பளச் சீட்டுகள், தாத்தாவின் சிவப்பு அடையாளக் கார்டு. அடியில் ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தால், அந்தப் பூட்டின் மாற்றுச் சாவி!

அம்மாவும் நானும் அன்று சிரித்த சிரிப்பு அடங்க வெகு நேரமானது. அந்தச் சாவி எனக்கு ஒரு பாடம் சொன்னது என்பது அப்போது புரியவில்லை.

பூட்டு ஏன் திறக்கிறது?

நம் வீட்டுக் கதவுகளில் உள்ள பெரும்பாலான பூட்டுகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பழங்கால எகிப்தியர் மரத்தில் செய்த யோசனையை எடுத்து, அமெரிக்காவின் லைனஸ் யேல் ஜூனியர் 1860களில் சின்ன உலோகப் பூட்டாக்கிக் காப்புரிமை பெற்றார். உள்ளே ஓர் உருளை. அதில் ஐந்தாறு துளைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டாக நிற்கும் ஒரு பின், மேலே ஸ்பிரிங். சரியான சாவியை நுழைத்தால் எல்லாப் பின்களின் இணைப்பும் உருளையின் விளிம்புக்கு நேராக வந்து நிற்கும். உருளை திரும்பும். ஒரு பின் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் திரும்பாது.

கேட்டால் திறக்கவே முடியாதது போலத்தான் தோன்றும். ஆனால் எந்தத் தொழிற்சாலையிலும் அந்தத் துளைகளை ஒரே நேர்க்கோட்டில் துல்லியமாகப் போட முடிவதில்லை. மயிரிழை அளவு விலகல் இருந்தே தீரும். அதனால் உருளையை லேசாகத் திருப்பிப் பார்த்தால் எல்லாப் பின்களும் ஒன்றாக இறுகுவதில்லை. ஏதாவது ஒன்றுதான் முதலில் இறுகும். அதைச் சரிசெய்தால் அடுத்தது இறுகும். ஆறு பின்களையும் ஒரே நேரத்தில் ஊகிக்க வேண்டிய கணக்கு, ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரையாடலாக மாறிவிடுகிறது.

ஆக, எங்களைப் போன்றவர்கள் திறப்பது பூட்டை அல்ல, அதைச் செய்தபோது தப்பிய அந்த மயிரிழையைத்தான். கடினமான பூட்டு என்பது என்ன என்ற கேள்விக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. விரலுக்கு எது குறைவாகச் செய்தி சொல்கிறதோ, அல்லது பொய்ச் செய்தி சொல்கிறதோ, அதுவே கடினமான பூட்டு.

படிப்படியாக ஏறினால்

ஹார்ட்வேர் கடை வாசலில் அட்டையில் தொங்கும் மலிவுப் பூட்டுகள் முதல் படி. விலகல் அதிகம், பின்கள் குறைவு. பழகியவர் கைக்கு நிமிடக் கணக்குகூட வேண்டாம்.

அடுத்த படியில் பொய் சொல்லும் பின்கள் வரும். நேரான பின்னுக்குப் பதிலாக, நடுவில் இடுப்புச் சிறுத்து நூல்கண்டு போல இருக்கும். உருளை சற்றே திரும்பும். “திறந்துவிட்டது” என்று மனம் துள்ளும். ஆனால் நூல்கண்டின் இடுப்பில் சிக்கி அங்கேயே நின்றுவிடும். தொழிற்சாலைகளில் இயந்திரத்தைப் பழுது பார்க்கும்போது மின்சுவிட்சில் மாட்டுகிறார்களே வண்ண அலுமினியப் பூட்டு, அந்த வகையில் பெயர்பெற்றது ‘அமெரிக்கன் லாக்’ 1100. அதன் பின்களில் திருகாணி போல வரிகளும் வெட்டியிருக்கும். தொடக்கக்காரர்களை அழவைக்கும் பூட்டு அது. ஏழு வாரம் என்னையும் தூங்கவிடவில்லை.

மூன்றாவது படி கொண்டோ கதவுகளில் பார்த்திருப்பீர்கள். சாவியில் பல் இருக்காது. தட்டையான உலோகத்தில் குழிகள் மட்டும் இருக்கும். இஸ்ரேலின் ‘மல்டிலாக்’ நிறுவனம் இதில் ஒரு படி மேலே போய், பின்னுக்குள் இன்னொரு பின்னை வைத்தது. வெளிப்பின் சரியாக நின்றாலும் உள்பின் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது படியில் அமெரிக்காவின் ‘மெடெக்கோ’. 1968ல் வந்தது. இதன் சாவியைப் பார்த்தால் வெட்டுகள் இடமும் வலமுமாகச் சாய்ந்திருக்கும். பின் சரியான உயரத்துக்கு ஏறினால் மட்டும் போதாது, சரியான கோணத்துக்குத் திரும்பவும் வேண்டும். எல்லாப் பின்களும் திரும்பி நின்றால்தான் பக்கவாட்டில் இருக்கும் ஒரு கம்பி பள்ளத்தில் இறங்கி வழிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு பூட்டைத் திறப்பதற்குச் சமம். ஆஸ்திரியாவின் ‘எவ்வா’ நிறுவனம் சாவியில் காந்தங்களையே பதித்துவிட்டது. கம்பியால் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள அங்கே எதுவும் இல்லை.

உச்சியில் இருப்பது பின்லாந்து. 1907ல் எமில் ஹென்ரிக்சன் என்ற மெக்கானிக், பணப்பெட்டி இயந்திரத்தின் வேலைப்பாட்டிலிருந்து யோசனை பெற்று ‘அப்லாய்’ பூட்டின் மூலத்தை உருவாக்கினார். பின்னும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. காசுகளை அடுக்கியது போல வட்டுகள். சாவி ஒவ்வொரு வட்டையும் அதற்குரிய கோணத்துக்குத் திருப்பும். ஸ்பிரிங் இல்லாததால் பனியிலும் தூசியிலும் சிக்காது. பின்னாளில் வந்த ‘புரோடெக்’ வகையில், பூட்டைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கியதுமே வட்டுகள் அசையாமல் பிடித்துக்கொள்ளப்படும். அதாவது, நான் மேலே சொன்ன உரையாடலையே அது துண்டித்துவிடுகிறது. கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொள்ளும் பூட்டு!

உலகில் மிகச் சிலரே, தங்கள் கையாலேயே கருவி செய்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து அதைத் திறந்திருக்கிறார்கள். நான் அந்தச் சிலரில் ஒருவன் அல்ல.

51 மணி நேரம்

“அப்படியென்றால் அதுதானே திறக்க முடியாத பூட்டு?” என்பீர்கள். லண்டனில் ஒரு கடை ஜன்னல் கதையைக் கேளுங்கள்.

ஜோசப் பிராமா என்ற பொறியாளரின் நிறுவனம் 1790ல் தன் கடை ஜன்னலில் ஒரு பூட்டை வைத்தது. இதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவிப்பும் வைத்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் யாராலும் முடியவில்லை. 1851ல் லண்டனில் உலகமே கூடிய மாபெரும் கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து ஆல்ஃபிரட் ஹாப்ஸ் வந்தார். முதலில் அன்றைய இங்கிலாந்து பெருமையாகச் சொன்ன இன்னொரு பூட்டான ‘சப்’ பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். யாராவது கைவைத்தால் உரிமையாளருக்குக் காட்டிக்கொடுக்கும் பூட்டு அது! பிறகு பிராமா பூட்டில் உட்கார்ந்தார். 16 நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதையும் திறந்தார். சச்சரவுகளுக்குப் பிறகு பரிசுத் தொகை அவர் கைக்கு வந்தது.

இப்படி வெளிப்படையாகத் திறந்து காட்டுவது திருடனுக்குச் சொல்லிக்கொடுப்பது ஆகாதா என்று அப்போதே கேட்டார்கள். திருடர்களுக்கு நம்மைவிட அதிகமாகவே தெரியும், தெரியாமல் ஏமாறுவது வாங்குகிறவர்தான் என்பது ஹாப்ஸின் வாதம். இன்றைய பொழுதுபோக்குச் சங்கங்களும் அதே நிலையில்தான் நிற்கின்றன. ஜெர்மனியில் 1997லேயே இதற்கென ஒரு சங்கம் பதிவானது; நெதர்லாந்திலும் உண்டு, போட்டிகளும் உண்டு. எல்லோருக்கும் பொதுவாக இரண்டு விதிகள். உனக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடாதே. சொந்தப் பூட்டாகவே இருந்தாலும், பயன்பாட்டில் இருப்பதைத் தொடாதே, கெட்டுப்போகும்.

நம் ஊரில் மூன்றாவதாக ஒன்றை நான் சேர்த்துக்கொண்டேன்: கருவிகளை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோகாதே. இரவில் சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் பையைத் திறந்து பார்த்தால், “பொழுதுபோக்கு ஐயா” என்பது நல்ல பதிலாக இருக்காது.

அந்தச் செவ்வாய்க்கிழமை

இவ்வளவு தெரிந்த நான் என் வீட்டில் எந்தப் பூட்டை மாட்டுவேன்? வாசல் கிரிலுக்கு வட்டு வகைப் பூட்டு ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினேன். எந்தத் தயாரிப்பு என்பது வேண்டாம். குற்றம் பூட்டின் மேல் இல்லை. அதன் சாவியைக் கடைத்தெருவில் நகல் எடுக்க முடியாது. அட்டையைக் காட்டி, முகவரிடம் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும். கூடவே வந்தவை இரண்டு சாவிகள். ஒன்று அம்மாவிடம், ஒன்று என்னிடம். “எனக்கும் ஒண்ணு வேணும்டா” என்று பினாங்கிலிருக்கும் அக்கா கேட்டபோது, “பார்க்கலாம்” என்று தள்ளிப்போட்டேன். அதே வகைப் பூட்டு இன்னொன்றை மேசையில் வைத்து ஏழு மாதம் முயன்றும் என்னால் திறக்க முடியவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

அம்மாவுக்கு 74 வயது. பகலில் தனியாக இருக்கும்போது கிரிலை உள்பக்கமிருந்து பூட்டிக்கொள்வார். அன்று காலை பசியாறிவிட்டுக் குளியலறைக்குப் போனவர் வழுக்கி விழுந்துவிட்டார். எழ முடியவில்லை. கைபேசி ஹாலில். கூப்பிட்ட குரல் பக்கத்து வீட்டு மாச்சிக்குக் கேட்டது. அவர் வந்து பார்த்தால், மரக்கதவு திறந்திருக்கிறது, கிரில் பூட்டியிருக்கிறது. பின்கதவு உள்ளே தாழ் போட்டிருக்கிறது.

ஷா ஆலாமில் அலுவலகத்தில் இருந்தேன். பாக்சிக் அழைத்தார். அவர் ஒரு பட்டறை வைத்திருப்பவர். “உடைக்கட்டுமா?” என்று கேட்டார்.

“வேணாம் பாக்சிக், அந்தப் பூட்ட உடைக்க முடியாது. சாவி எங்கிட்ட இருக்கு. இதோ வர்றேன்.”

அப்படித்தான் சொன்னேன். முப்பது நிமிடத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன். சாவிக்கொத்தை எடுத்துப் பார்த்தால் அந்தச் சாவி இல்லை. தொலைந்துவிடக் கூடாதே என்று அதன் அட்டையோடு ஓர் உறையில் போட்டு, அலுவலக மேசை இழுப்பறையில் வைத்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் கருவிகள் எல்லாம் மாடியில், என் அறையில். அவை கையில் இருந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன்? ஏழு மாதமாகத் திறக்காதது அந்த ஐந்து நிமிடத்தில் திறந்திருக்குமா?

உள்ளே அம்மா, “வந்துட்டியாப்பா?” என்று கேட்டார். நான் அஞ்சடியில் பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாக்சிக் என்னை மெதுவாக விலக்கினார். கையில் கிரைண்டர். பூட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூட்டு மாட்டியிருந்த கிரிலின் நாதாங்கி வளையத்தில் கிரைண்டரை வைத்தார். ஒரு நிமிடம் ஆகியிருக்குமா என்பதே சந்தேகம். தீப்பொறி பறந்தது, வளையம் அறுந்தது, கிரில் திறந்தது. என் பூட்டு மறுபக்க வளையத்தில் பூட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது.

“பூட்டு நல்ல பூட்டுதான். இரும்புதான் மெலிசு” என்றார் மலாயில்.

அம்மாவுக்கு மணிக்கட்டில் எலும்பு விரிசல். இடுப்பில் வீக்கம். ஆறு வாரத்தில் குணமாகிவிட்டது. ஆனால் ஈரத் தரையில் அவர் கிடந்த அந்த அரை மணி நேரம் என் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும். பாக்சிக் கேட்டபோதே சரி என்று சொல்லியிருந்தால் அம்மா எப்போதோ நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். என் பூட்டின் மேல் எனக்கிருந்த நம்பிக்கை அவரைத் தரையிலேயே கிடத்திவிட்டது.

அன்று புகையாக இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்றும் வரும். கிரில் சாவியை எட்டும் இடத்தில் வையுங்கள், அவசரத்துக்குத் திறக்கும் வழி ஒன்று இருக்கட்டும் என்று தீயணைப்பு, மீட்புத் துறை திரும்பத் திரும்பச் சொல்கிறது. நான் அதைச் செய்தியாகப் படித்தவன். செய்யாதவன்.

இப்போது எங்கள் வாசலில்

கிரிலில் இப்போது உள்பக்கம் கையால் திருகித் திறக்கும் பூட்டு. வெளியே இருப்பவருக்குத்தான் சாவி வேண்டும். உள்ளே இருப்பவருக்கு வேண்டாம். வெளியிலிருந்து கையை நுழைத்துத் திருகிவிடாதபடி அதைச் சுற்றி இரும்புத் தகடு அடித்திருக்கிறோம். சாவி நகல் நான்கு: அம்மா, நான், அக்கா, பாக்சிக். பின்கதவின் பழைய பூட்டுக்குரிய சாவி, கதவுக்குப் பக்கத்துச் சுவரில், அம்மாவின் கை எட்டும் உயரத்தில், மஞ்சள் நாடாவில் தொங்குகிறது. நாதாங்கிகளைத் தடித்த இரும்பில் மாற்றிக் கொடுத்தவரும் பாக்சிக்தான். காசு வாங்கவில்லை, தீபாவளிக்கு முறுக்கு மட்டும் கேட்டார்.

வாங்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இதுதான். கம்பியை நுழைத்து மணிக்கணக்கில் உட்கார நம் வீட்டு வாசலுக்கு ஹாப்ஸ் வரப்போவதில்லை. வருகிறவன் வெட்டுவான், நெம்புவான், அல்லது திறந்து கிடக்கும் ஜன்னலைத் தேடுவான். ஆகவே மிக மலிவானதை விட்டுவிடுங்கள். வளைகம்பி கடினமான எஃகாகவும், வெட்டும் கருவி உள்ளே நுழைய இடமில்லாதபடி உடலுக்குள் மறைந்தும் இருக்கிற நடுத்தரப் பூட்டு போதும். அதை மாட்டும் வளையத்தையும் அதே கண்ணோடு பாருங்கள். பூட்டின் வலு நாதாங்கியின் வலுவைத் தாண்டாது. வயதானவர்களும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில், விளக்கை அணைத்துவிட்டு, உள்ளிருந்து அவர்களையே திறக்கச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லை என்றால், அது எவ்வளவு உயர்ந்த பூட்டானாலும் உங்கள் வீட்டுக்கு ஆகாது.

பொழுதுபோக்கை நான் விடவில்லை. அந்த வட்டுப் பூட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை. திறக்கும் நாள் வந்தால் அம்மாவிடம்தான் முதலில் காட்டுவேன். அவர் நிமிர்ந்து பார்ப்பாரா என்பது வேறு விஷயம்.

கல்யாண வீடுகளில் அந்தக் கேள்வியும் நின்றபாடில்லை. திறக்கவே முடியாத பூட்டு எது? எனக்குத் தெரிந்ததில் கடினமானது பின்லாந்துப் பூட்டு என்று சொல்லிவிட்டு, நானும் ஒரு கேள்வி கேட்கிறேன்.

“சரி, உங்க வீட்டு மாற்றுச் சாவி இப்ப எங்க இருக்கு?”

உடனே பதில் சொன்னவர்கள் இதுவரை மிகச் சிலர்தான். ஒரு மாமா மட்டும் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போய், வீட்டுக்கு ஃபோன் போட்டுக் கேட்டார்.